கண் நிலைகுத்திவிட்டது என்று கைவிட்டுவிடாதீர்கள்

தாம்பரம், பெருங்களத்தூர், முடிச்சூர், சேலையூர், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், வண்டலூர், ஊரப்பாக்கம் பகுதிக் குடியிருப்போர் நலச் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,



வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் நீங்கள் கூட்டம் போடுவீர்கள். கால்வாய் தூர்வாருவது, தெருவிளக்கு, மோட்டார் வாடகை, ஏரி நிரம்பினால் தண்ணீர் எந்தப் பக்கம் வரும் என்று எல்லாம் பேசுவீர்கள். இந்த ஆண்டு அந்தக் கூட்டத்தில் இன்னொரு விஷயத்துக்கும் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உங்களைப் போலவே ஏரிக்கரைப் பக்கம் வீடு கட்டிக் குடியிருப்பவள்.

ஒருவர் பேச்சு மூச்சில்லாமல் கிடக்கும்போது நம் ஆட்கள் முதலில் என்ன செய்கிறார்கள் என்று கவனித்திருப்பீர்கள். இமையைத் தூக்கிப் பார்க்கிறார்கள். செல்போன் டார்ச்சைக் கண்ணில் அடிக்கிறார்கள். கருவிழிக்கு நடுவில் இருக்கும் பாவை அகலமாக விரிந்து, வெளிச்சம் பட்டும் சுருங்காமல் நின்றால், கூட்டத்தில் ஒருவர் சொல்லிவிடுகிறார்: "கண்ணு நிலைகுத்திடுச்சு. இனி ஒண்ணும் இல்ல." அதற்குப் பிறகு யாருக்கும் கால் எழுவதில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தவர் அதை விட்டுவிட்டுச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லத் தொடங்குகிறார். வண்டியை எடுத்துக்கொண்டு வந்தவர் ஓரமாக நிறுத்துகிறார். காப்பாற்றப் பயன்பட்டிருக்க வேண்டிய நிமிடங்கள் அழுகையில் கரைகின்றன.

அந்தத் தீர்ப்பைச் சொல்லும் அதிகாரம் நமக்குக் கிடையாது. உயிரோடு, முழு நினைவோடு, பக்கத்தில் நின்று நாம் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டு கிடக்கிற ஒருவரின் கண்ணும் அப்படியே நிற்கக்கூடும். கட்டுவிரியன் தீண்டியவரின் கண் அப்படி நிற்பதுண்டு. கட்டுவிரியன் நம் பகுதியில் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

பாவை எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அது ஒரு துவாரம்தான். அதைச் சுற்றி இரண்டு வகைத் தசைகள் இருக்கின்றன. வட்டமாக ஓடும் தசை சுருங்கினால் பாவை சிறிதாகும். ஆரக்கால் போல ஓடும் தசை இழுத்தால் பெரிதாகும். நல்ல வெளிச்சத்தில் அதன் அகலம் 2 முதல் 4 மில்லிமீட்டர், இருட்டில் 8 மில்லிமீட்டர் வரை போகும். சுருக்கச் சொல்லும் கட்டளை மூளைத் தண்டிலிருந்து மூன்றாவது கபால நரம்பு வழியாக வருகிறது. பயந்தால், வலித்தால், கோபப்பட்டால் விரியச் சொல்லும் கட்டளை வேறு நரம்புப் பாதையில் வருகிறது. ஆகவே விரிந்த பாவை என்றால், சுருக்கும் கட்டளை எங்கோ தடைபட்டிருக்கிறது, அல்லது விரிக்கும் கட்டளை மிஞ்சியிருக்கிறது என்று பொருள். தடை மூளையில் இருக்கலாம், நரம்பில் இருக்கலாம், நரம்பு தசையைத் தொடும் முனையில் இருக்கலாம், கண்ணில் விட்ட சொட்டு மருந்திலும் இருக்கலாம். எங்கே என்பதை வாசற்படியில் நின்று டார்ச் அடித்துக் கண்டுபிடிக்க முடியாது.

கட்டுவிரியன் விஷம் தாக்கும் இடம் அந்த நரம்பு முனை. நரம்பிலிருந்து தசைக்குச் செய்தியை எடுத்துச் செல்லும் ரசாயனம் அங்கிருந்து வெளிவராதபடி அது முனையையே சிதைக்கிறது. முதலில் இமை தொங்கும். பார்க்கும் பொருள் இரண்டாகத் தெரியும். நாக்கு தடிக்கும், எச்சில் விழுங்க முடியாது, கழுத்து நிற்காது. கடைசியில் மார்புத் தசையும் உதரவிதானமும் ஓய்ந்துபோய் மூச்சு நிற்கும். பாவையைச் சுருக்கும் தசைக்கும் செய்தி போகாததால் பாவை விரிந்து அப்படியே நின்றுவிடும். இத்தனையும் நடக்கும்போது மூளை கெடுவதில்லை. மூச்சு நின்று பிராணவாயு கிடைக்காமல் போனால்தான் மூளைக்குக் கேடு. யாராவது மூச்சைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் அந்த மனிதர் உள்ளே விழித்திருக்கிறார். கையை அசைக்க முடியாது, இமையைத் திறக்க முடியாது, "நான் இருக்கிறேன்" என்று சொல்ல முடியாது. ஆனால் காது கேட்கும். பிழைத்து எழுந்தவர்கள், படுக்கையருகில் யார் என்ன பேசினார்கள் என்று பின்னால் சொல்லியிருக்கிறார்கள். இது இந்திய மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கும் செய்தி.

வென்டிலேட்டரில் வைத்துக் காத்திருந்தால் சிதைந்த நரம்பு முனைகள் மறுபடி வளர்கின்றன. சிலருக்குச் சில நாட்கள், சிலருக்கு வாரக்கணக்கு. பிறகு ஒரு காலையில் விரல் நுனி அசையும், இமை நூலளவு திறக்கும். பாவை சுருங்குவது சிலருக்கு இன்னும் தாமதமாகலாம். மற்ற பல நோய்களில் விரிந்து நிலைத்த பாவையைப் பார்த்து மருத்துவர் கவலைப்படுவார். கட்டுவிரியன் கடியில் அதே பாவையைப் பார்த்துக்கொண்டே நம்பிக்கையோடு சிகிச்சை தொடர வேண்டும். இந்த வித்தியாசம் குடும்பத்துக்குத் தெரியாவிட்டால், "மெஷின்தான் மூச்சு விடுது, எதுக்கு வீணா வச்சிருக்கணும்" என்று சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போய்விடுகிறார்கள். பிழைத்திருக்க வேண்டிய உயிர் போய்விடுகிறது.

நம் பகுதியை எண்ணிப் பாருங்கள். 2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாயின. பெயர் மாநகராட்சி. நிலமோ இன்னும் பாதி ஏரியும் புதருமாகத்தான் இருக்கிறது. பீர்க்கன்காரணை, இரும்புலியூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் என்று ஏரிகளுக்கு இடையில்தான் நாம் மனை வாங்கி வீடு கட்டியிருக்கிறோம். ஒரு பக்கம் வண்டலூர்க் காடு, இன்னொரு பக்கம் நன்மங்கலம் காப்புக்காடு. வயலாக இருந்த இடத்தில் அடுக்குமாடி எழுகிறது, பக்கத்து மனை முள்செடியோடு கிடக்கிறது. அங்கே குப்பை விழுகிறது, குப்பைக்கு எலி வருகிறது, எலிக்குப் பாம்பு வருகிறது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் ஏறினால் வளையில் இருப்பதெல்லாம் மேட்டுக்குத்தான் வரும். அந்த மேடு நம் வாசல்.

கட்டுவிரியன் பகலில் சுருண்டு கிடக்கும், இரவில்தான் நடமாடும். கறுப்பும் நீலமும் கலந்த பளபளப்பான உடம்பில் மெல்லிய வெள்ளை வளையங்கள் இருக்கும். விஷமில்லாத ஓநாய்ப் பாம்பும் ஏறத்தாழ அப்படியே தோன்றும், ஆகவே அடையாளம் கண்டுபிடிக்கிறேன் என்று அருகில் போகாதீர்கள். எலி, பல்லி, தவளை, மற்ற பாம்புகள் இவைதான் அதன் இரை. இரை தேடி வரும் வழியில் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர் தூக்கத்தில் புரண்டால் கடித்துவிடுகிறது.

இங்கேதான் ஏமாற்று. நல்ல பாம்பு கடித்தால் வலிக்கும், வீங்கும். கட்டுவிரியன் பல் சிறியது. கொசு கடித்ததுபோல ஒரு சுருக், அவ்வளவுதான். பலர் விழிப்பதுகூட இல்லை. கடிவாயில் வீக்கம் இராது, ரத்தம் இராது, தேடினாலும் தடம் கிடைக்காமல் போகலாம். நள்ளிரவுக்கு மேலோ விடியற்காலையிலோ வயிற்றைப் பிசைகிற மாதிரி வலி வரும், வாந்தி வரும். "ராத்திரி சாப்பிட்ட பரோட்டா சேரலை" என்பார்கள். "கேஸ் டிரபிள்" என்று ஒரு மாத்திரை கொடுப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து இமை தொங்கும்போது "தூக்கம் பத்தலை, படுக்கட்டும்" என்று விட்டுவிடுவார்கள். அப்படிப் படுக்க வைக்கும் நேரம்தான் மூச்சுத் தசை ஓய்ந்துகொண்டிருக்கும் நேரம்.

கடித்தது பாம்புதான் என்று தெரிந்தாலும் ஏமாற இடமுண்டு. விரியன் கடிகளுக்கு மருத்துவமனையில் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் வைத்து 20 நிமிடத்தில் உறைகிறதா என்று பார்ப்பார்கள். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாது என்பதால் அந்தச் சோதனை. கட்டுவிரியன் பெயரில்தான் விரியன் இருக்கிறது, அதன் விஷம் ரத்தத்தை அப்படித் தாக்குவதில்லை. சோதனை சரியாக வந்துவிட்டது என்று நீங்களாகவே நிம்மதி அடைந்து நோயாளியைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். ஒரு நாள் முழுக்கக் கண்காணிப்பில் இருக்க வேண்டும். வேப்பிலை கசக்கிறதா, மிளகாய் உறைக்கிறதா என்று வாயில் எதையும் போட்டுப் பார்க்கவும் வேண்டாம். விழுங்கும் தசை ஓய்ந்தவருக்கு அது நேராக மூச்சுக்குழாயில் இறங்கும்.

விரிந்த பாவை மூளைச்சாவின் அடையாளங்களில் ஒன்றாயிற்றே என்று உங்களில் படித்தவர்கள் கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் மூளைச்சாவைச் சட்டப்படி உறுதிசெய்ய அது மட்டும் போதாது. 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி மருத்துவர் குழு ஒன்று, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை முழுச் சோதனை நடத்த வேண்டும். அதற்கும் முன்னால், விஷமோ, மயக்க மருந்தோ, தசையைச் செயலிழக்க வைக்கும் மருந்தோ, உடல் வெப்பக் குறைவோ காரணமில்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். 2008-இல் திருக்கழுக்குன்றத்துச் சிறுவன் ஹிதேந்திரனின் பெற்றோர், விபத்தில் மூளைச்சாவடைந்த தங்கள் பிள்ளையின் உறுப்புகளைத் தானமாகக் கொடுத்தது தமிழ்நாட்டையே மாற்றியது. உறுப்புதானம் செய்பவர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை உண்டு என்று 2023-இல் அரசு அறிவித்தது. அந்தத் தானத்தை நான் கைகூப்பி வணங்குகிறேன். என் மடலைச் சாக்காக வைத்து யாரும் அதைச் சந்தேகப்பட வேண்டாம். அந்தச் சோதனைகள் அத்தனை கட்டுக்காவலோடு இருப்பதே, விரிந்த கண்ணை மட்டும் பார்த்து மருத்துவர்கூட முடிவு சொல்லக் கூடாது என்பதற்காகத்தான். மருத்துவருக்கே அந்த உரிமை இல்லாதபோது தெருவில் நிற்கும் நமக்கு ஏது? குடும்பத்தின் கடமை ஒன்றுதான்: தரையில் படுத்திருந்தார், மழை பெய்தது, அதிகாலையில் வயிறு வலித்தது என்ற விவரத்தைத் தவறாமல் மருத்துவரிடம் சொல்வது.

கட்டுவிரியனை மட்டும் சொல்லி நிறுத்தினால் மடல் முழுமையாகாது. பாவை விரிவதற்கு வேறு காரணங்களும் நம் தெருக்களில் இருக்கின்றன.

ஜி.எஸ்.டி. சாலையில் வண்டியிலிருந்து விழுந்தவர் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, "ஒண்ணுமில்ல" என்று வீட்டுக்கு வந்துவிடுவார். சாப்பிடுவார், பேசுவார், தலை வலிக்கிறது என்று படுப்பார். மண்டையோட்டுக்குள் ரத்தம் கசிந்து சேர்ந்து மூளையை ஒரு பக்கமாகத் தள்ளும். தள்ளப்பட்ட மூளை மூன்றாவது நரம்பை நசுக்கும்போது அந்தப் பக்கத்துப் பாவை மட்டும் விரியும். இங்கே விரிந்த பாவை, நேரம் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது என்று சொல்கிறது. ஆகவே கண்ணைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. தலையில் அடிபட்டவர் வாந்தி எடுத்தாலோ, எழுப்பினால் குழறினாலோ அப்போதே புறப்பட வேண்டும். பணத்துக்குத் தயங்க வேண்டாம். சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் நம் செங்கல்பட்டு மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது.

காலி மனைகளில் ஊமத்தை தானாக முளைத்து நிற்கிறது. முள் காயை உடைத்து விளையாடும் பிள்ளை விதையை வாயில் போட்டுக்கொண்டால் வாய் வறளும், உடம்பு காந்தும், முகம் சிவக்கும், சிறுநீர் பிரியாது. பாவை விரிந்து, இல்லாததை எல்லாம் பிடிக்கப் போவதுபோல் கையை ஆட்டும், உளறும். காத்து கருப்பு என்று மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஊமத்தையில் இருக்கும் அட்ரோபின்தான், பூச்சிமருந்து குடித்தவரைக் காப்பாற்ற மருத்துவர் ஊசியில் ஏற்றும் மருந்தும். பூச்சிமருந்தில் பாவை குண்டூசி முனை அளவு சுருங்கும், சிகிச்சை தொடங்கியதும் விரியும். அப்போது "கண்ணு விரிஞ்சுடுச்சே" என்று பதறி மருத்துவரோடு சண்டை போடாதீர்கள், மருந்து வேலை செய்கிறது.

வயதானவர்களுக்கு ஒரு கண் சிவந்து, தாங்க முடியாத தலைவலியும் வாந்தியும் வந்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால் அது பித்தமோ ஒற்றைத் தலைவலியோ அல்ல. கண்ணின் உள்ளழுத்தம் திடீரென்று ஏறியிருக்கலாம். பாவை பாதி விரிந்து அசையாமல் நிற்கும். அன்றைக்கே கண் மருத்துவரிடம் போகாவிட்டால் பார்வை திரும்பாமல் போகலாம்.

பயப்பட வேண்டாத காரணங்களும் உண்டு. கண் பரிசோதனைக்குச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பாவை விரிந்தே இருக்கும். அதோடு நீங்களே ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு திரும்பாமல் இருந்தால் போதும். வீட்டில் நெபுலைசர் வைக்கும்போது முகமூடி சரியாகப் பொருந்தாமல் மருந்துப் புகை ஒரு கண்ணில் பட்டால் அந்தப் பாவை மட்டும் விரியலாம். ஐந்து பேரில் ஒருவருக்கு இரண்டு பாவைகளும் இயல்பாகவே இம்மியளவு வித்தியாசமாக இருக்கக்கூடும். இன்னொன்று: உங்கள் குடியிருப்பில் வாடகைக்கு இருக்கும் கல்லூரிப் பிள்ளைகளின் கண்ணைப் பார்த்து "போதை" என்று குற்றம் சாட்டாதீர்கள். சில போதைப்பொருள்கள் பாவையை விரிக்கும், சில சுருக்கும், பயமும் விரிக்கும். நீங்கள் நாலு பேர் சுற்றி நின்று விசாரித்தாலே அந்தப் பிள்ளையின் பாவை விரிந்துதான் இருக்கும்.

இனி என் மனக்குறையைச் சொல்கிறேன். பொறுமையாகக் கேளுங்கள்.

பாம்புக்கடி வயலில் நடப்பது, நமக்கு அல்ல என்று நாம் நினைக்கிறோம். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்று பெரிய ஆய்வு ஒன்று கணக்கிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. மத்திய அரசு 2024 மார்ச்சில் தேசியச் செயல்திட்டம் வெளியிட்டு, 2030-க்குள் இறப்பைப் பாதியாக்குவது என்று இலக்கு வைத்தது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக்கியது. சட்டமும் திட்டமும் மேலே இருக்கின்றன. நம் தெருவில் அது யாருக்கும் தெரியாது.

நமக்குக் கைக்கெட்டிய தூரத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலை வடநெம்மேலியில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-லிருந்து இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் எடுத்துக்கொண்டு, பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு அவர்கள் கையிலிருந்து போவது. அந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நாடு முழுவதும் உயிர்காக்கும் மருந்துக்கு மூலப்பொருள் தரும் மாவட்டத்தில் இருந்துகொண்டு, அந்த மருந்து கிடைக்கும் இடத்துக்கு நோயாளியைக் கொண்டுபோகாமல் இமையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம் என்பதுதான் என் ஆற்றாமை.

கடி யாருக்கு விழுகிறது என்பதையும் பாருங்கள். நாம் மாடியில், கட்டிலில், கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறோம். நம் கேட்டைக் காக்கும் வாட்ச்மேன் மோட்டார் ரூம் ஓரம் அட்டையை விரித்துப் படுக்கிறார். நமக்கு வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் செங்கல் அடுக்குக்கும் ஜல்லிக் குவியலுக்கும் பக்கத்தில் தகரக் கொட்டகையில் தரையில் படுக்கிறார்கள். அந்தத் தொழிலாளர்களில் ஒருவருக்கு விடியற்காலையில் வயிறு வலித்தால் "என்ன கண்றாவியைக் குடிச்சானோ" என்று பேசுபவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அவருக்குத் தமிழ் வராது, நமக்கு அவர் மொழி வராது. அவருடைய இமை தொங்குவதைக் கண்டுகொள்ள வீட்டு மனிதர் யாரும் பக்கத்தில் இல்லை. பராமரிப்புக் கட்டணம் வாங்கிக்கொண்டு வாட்ச்மேனை வேலைக்கு வைத்தது உங்கள் சங்கம். இவர்கள் எல்லாருடைய உயிருக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

ஆகவே, மழை தொடங்குவதற்குள் இவற்றைச் செய்யுங்கள் என்று கேட்கிறேன்.

உங்கள் வளாகத்தில் இரவு தங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டிலும் ஒரு கொசுவலையும் வாங்கிக் கொடுங்கள். வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிப் படுக்கச் சொல்லுங்கள். நேபாளத்தின் தென்கிழக்குச் சமவெளியில் நடந்த ஆய்வில், கொசுவலைக்குள் தூங்கியவர்களுக்குப் பாம்புக்கடி வெகுவாகக் குறைந்திருந்தது. இருட்டில் நடக்க ஒரு டார்ச்சும் கொடுங்கள். டார்ச்சின் வேலை தரையில் அடித்து வழி பார்ப்பது. கட்டடம் கட்டும் ஒப்பந்ததாரரிடம் இதை நிபந்தனையாகவே எழுதி வாங்குங்கள். செங்கல், விறகு, தேங்காய் மட்டைக் குவியல்களைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். காலி மனை உரிமையாளருக்கு மாநகராட்சி மூலம் நோட்டீஸ் அனுப்ப வையுங்கள். பாம்பு வந்தால் அடிக்காதீர்கள், தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுக்கு அருகில் எந்த மருத்துவமனையில் விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் இருபத்து நான்கு மணி நேரமும் இருக்கின்றன என்று இப்போதே நேரில் போய்க் கேட்டு எழுதி வையுங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எவ்வளவு நேரம், குரோம்பேட்டைப் பக்கம் எவ்வளவு நேரம், மழைநாளில் எந்த வழி திறந்திருக்கும் என்று பாருங்கள். சம்பவம் நடந்த பிறகு விசாரித்துக்கொண்டிருக்க நேரம் இராது.

லிஃப்ட் அருகிலும் வாட்ச்மேன் அறையிலும் ஓர் அறிவிப்பு ஒட்டுங்கள். தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் இருக்கட்டும். இவ்வளவு இருந்தால் போதும்: தரையில் படுத்தவருக்கு அதிகாலையில் காரணமில்லாமல் வயிற்றுவலி, வாந்தி, இமை தொங்கல், பேச்சுக் குழறல் வந்தால் கட்டுவிரியனை நினையுங்கள். 108-ஐ அழையுங்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் வையுங்கள், மோதிரம் வளையல்களைக் கழற்றுங்கள். இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றால் மருத்துவமனை சேரும்வரை மூச்சைக் கொடுத்துக்கொண்டே போங்கள்.

அந்தக் கடைசி வரிக்காக ஆண்டுக்கு ஒரு முறை உங்கள் சங்கத்திலேயே முதலுதவிப் பயிற்சி நடத்துங்கள். பொங்கல் விழாவுக்குக் கோலப்போட்டி நடத்துகிறோம், சுதந்திர தினத்துக்குக் கொடியேற்றுகிறோம். செயற்கை மூச்சு கொடுக்கவும் மார்பை அழுத்தவும் கற்றுக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். வாட்ச்மேன், வீட்டு வேலைக்கு வரும் பெண்கள், கட்டடத் தொழிலாளர்கள் எல்லாரையும் அதில் உட்கார வையுங்கள். இரவில் முதலில் பார்க்கப்போவது அவர்கள்தான்.

கடைசியாக ஒன்று. உங்கள் தெருவில் யாராவது மயங்கிக் கிடந்து, இமையைத் தூக்கிப் பார்த்து, பாவை விரிந்திருப்பதைக் கண்டால், "முடிஞ்சுது" என்ற சொல்லை வாயில் எடுக்காதீர்கள். எடுக்கிறவரைத் தடுங்கள். அந்த மனிதருக்குக் காது கேட்டுக்கொண்டிருக்கலாம். "ஆஸ்பத்திரிக்குப் போறோம், பயப்படாதே" என்று அவர் காதருகில் சொல்லிக்கொண்டே தூக்குங்கள். மருத்துவமனையில் சேர்த்த பிறகும், பாம்புக்கடி என்ற சந்தேகம் இருக்கும்வரை, விரிந்த கண்ணைக் காரணம் காட்டி வீட்டுக்கு எடுத்துப்போகக் கையெழுத்துப் போடாதீர்கள். வென்டிலேட்டரில் வைத்துக் காத்திருந்தால் கட்டுவிரியன் கடித்தவர் பிழைத்து எழுந்து நடக்கிறார். அதற்கு வேண்டிய மருந்தும் இயந்திரமும் நம் மாவட்டத்தில் இருக்கின்றன. காலத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் பொறுப்பு. அதை இந்த மழைக்கு முன்பே ஏற்றுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பக்கத்து ஏரிக்கரையில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற செவிலியர்